கேட்கலைங்க

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டைக் கம்பெனி கொடுத்தது. அட்டையில் ஒரு மலை. மலை உச்சியில் கைகளை விரித்தபடி ஒருவன் நிற்கிறான். கோயம்புத்தூரில் இந்தப் பம்பு கம்பெனியில் இருபத்திரண்டு வருடமாக டெஸ்டிங் செக்‌ஷனைப் பார்த்துவரும் நாச்சிமுத்து ஆகிய நான், இன்றிலிருந்து இருபத்தொரு நாள் என் ‘மனப் பழக்கங்களை’ இதில் எழுதவேண்டுமாம். எழுதினால் வளர்வேனாம். ஐம்பத்தொரு வயதில் இனி எந்தப் பக்கம் வளர்வது என்று தெரியவில்லை. வயிறு மட்டும் யார் பயிற்சியும் இல்லாமல் வளர்கிறது.

பயிற்சி கொடுக்க வந்திருப்பவர் பெயர் நவநீதன். ‘கோச் நவ்’ என்று கூப்பிட வேண்டுமாம். முழுப் பெயரைச் சொன்னால் முன்னேற்றம் தாமதமாகிவிடும் போலிருக்கிறது. அடர்ந்த தாடி, அதன்மேல் ஒட்டிப் பிடித்த மைக். உதடு தெரியாமல் பேசுகிறவனை நான் நம்புவதில்லை. வழக்கம்போல முதல் வரிசையில் உட்கார்ந்தும் பாதிக்குப் பாதி வார்த்தைகளை அவர் விழுங்கிவிட்டார். பேசுவதற்குக் கூலி வாங்குகிறவர் முதலில் வாயைத் திறந்து பேசப் பழகியிருக்கலாம்.

நல்லவேளையாக எல்லாவற்றையும் பேனரில் எழுதிவைத்திருந்தார்கள். முதல் வாரப் பழக்கம்: ‘எதிர்மறைச் சொற்களைப் பேசாதீர்கள்.’ இல்லை, முடியாது, வேண்டாம், கூடாது எல்லாம் இந்த வாரம் தடை. இதையே அச்சடித்துச் சட்டையில் குத்திக்கொள்ள ஒரு பேட்ஜும் கொடுத்தார்கள். பேசாதீர்கள் என்பதே எதிர்மறைதானே என்று எழுந்து கேட்டேன். கூட்டம் சிரித்தது. கோச் ஏதோ பதில் சொன்னார், கூட்டம் மறுபடியும் சிரித்தது. என்னைப் பற்றித்தான் ஏதோ சொல்லியிருப்பார். நானும் சிரித்து வைத்தேன்.

நோட்டை யாரும் படிக்கமாட்டார்கள், பக்கம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் எண்ணிப் பார்ப்பார்கள் என்று மேனேஜர் தேவசகாயம் சொன்னார். அப்படியானால் நிம்மதியாக எழுதலாம்.

ஜூன் 4, செவ்வாய்

கேன்டீனில் கூத்து. சர்க்கரை இல்லாத டீ கேட்கமுடியாது, ‘இல்லாத’ என்ற சொல் தடை. வைண்டிங் செக்‌ஷன்காரர் ஒருவர் “சர்க்கரைக்கு லீவு குடுத்து ஒரு டீ” என்றார். படித்து வேலைக்கு வந்த பெரிய மனிதர்கள் கைதட்டினார்கள்.

என் செக்‌ஷனுக்கு நாலரை மாதத்துக்கு முன் பூங்கோதை என்று ஒரு பெண் வந்திருக்கிறது. கோபிச்செட்டிபாளையத்துப் பக்கம். இன்ஜினியரிங் படித்த பிள்ளை. இந்த மாதம் இருபத்தைந்தாம் தேதியோடு புரொபேஷன் முடிகிறது. வேலை நிரந்தரமாவதும் வீட்டுக்குப் போவதும் மேனேஜர் எழுதும் ரிப்போர்ட்டில் இருக்கிறது. பூங்கோதை இன்று மறுபடியும் வைப்ரேஷன் மீட்டர் பேச்சை எடுத்தது. பேரிங் நன்றாக இருக்கிறதா என்று மீட்டர் சொல்லுமாம். ஓடுகிற மோட்டாரின் பேரிங் பக்கம் ஸ்க்ரூ டிரைவர் முனையை வைத்து, பிடியைக் காதோரம் அழுத்தினால் எனக்கும்தான் சொல்லும். இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் சொன்னது. “மீட்டர் இங்கயே இருக்குது அம்மிணி” என்று காதைத் தட்டிக் காட்டினேன். அது ஏதோ முனகிவிட்டுப் போனது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் யாருக்கும் வாய்விட்டுப் பேச வருவதில்லை.

ஜூன் 5, புதன்

என் மனைவி வசந்தாமணி கோயிலுக்குப் போகும்போது, மூன்று விசில் வந்ததும் குக்கரை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனாள். பக்கத்து அறையில் பேப்பரோடு உட்கார்ந்திருந்தேன். ஒரு விசிலும் வரவில்லை. கடைசியில் வந்தது தீய்ந்த வாசனைதான். போன தீபாவளிக்கு வாங்கிய குக்கர். விசில்கூட அடிக்காத குக்கரை விற்கிறவனும் ஏதாவது ஒரு கோச்சிடம் படித்தவனாகத்தான் இருப்பான். குக்கர் கம்பெனிக்கு ஒரு பக்கத்துக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். வசந்தாமணி அடிப்பிடித்ததைச் சுரண்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். 

ஜூன் 6, வியாழன்

புதுப் பேரிங் போட்ட முப்பத்தாறு மோனோபிளாக் பம்புகளை டெஸ்ட் செய்தேன். எல்லாம் சுத்தமாக ஓடின. மூன்று மணிக்கு, பக்கத்தில் கம்ப்ரசர் அலறிக்கொண்டிருந்தபோது பூங்கோதை வந்து அந்த முப்பத்தாறு பம்பு லாட்டைக் காட்டி ஏதோ சொன்னது. கையில் பேப்பர், முகம் பேப்பரின் மேல். “அனுப்பிருங்க” என்று கடைசியில் வந்தது. தலையாட்டினேன். சாயங்காலம் லாரி ஏற்றியாகிவிட்டது.

தலையாட்டினால் எந்தப் பேச்சும் சீக்கிரம் முடியும். இது என் சொந்தப் பழக்கம். கோச் வேண்டுமானால் பேனர் அடித்துக்கொள்ளலாம்.

ஜூன் 7, வெள்ளி

கோச் வரவில்லை. உருப்படியான நாள்.

ஜூன் 10, திங்கள்

இரண்டாம் வாரம். இம்முறை பேனரில் ஒரே ஒரு சொல்: ‘கேளுங்கள்.’

பயிற்சிக்கு வந்த தொண்ணூறு பேரும் தலையைச் சொறிந்தார்கள். என்ன கேட்பது? கோச் சொன்னது, அடுத்தவர் பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்று. ஃபவுண்டரி ஆட்களுக்கு அது அப்படிப் புரியவில்லை. கேட்கச் சொல்லிவிட்டார்கள் என்று, இரண்டு வருடமாகத் தராத புது யூனிஃபார்மைப் போய்க் கேட்டுவிட்டார்கள். மேனேஜர் அவசரமாக மைக்கைப் பிடுங்கி, கேளுங்கள் என்றால் மேலே இருப்பவர்கள் சொன்னபடி கேளுங்கள் என்று அர்த்தம் என்றார். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மூன்று பேர் மூன்று திசையில் இழுக்கிறார்கள். நல்ல காசுக்கு நல்ல நாடகம்.

எனக்கு இந்த மூன்றுமே தேவைப்படவில்லை. இருபத்திரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுத்தானே சோறு தின்கிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

தாராபுரத்து டீலரிடமிருந்து காலையில் போன். வியாழக்கிழமை போன முப்பத்தாறில் பதினொன்று, கிணற்றடியில் ஓட்டிப் பார்த்ததும் கத்துகிறதாம். இரண்டில் பேரிங் இறுகி நின்றேவிட்டதாம். இப்போதைய பேரிங்குகளே அப்படித்தான், லாரியில் குலுங்கினாலே போய்விடுகிறது.

பூங்கோதை என் டேபிளுக்கு நேராக வந்து நின்றது. “அந்த லாட்டுல பேரிங் சரியில்ல, அனுப்பிராதீங்கன்னு உங்ககிட்டச் சொன்னனுங்களே அண்ணா.”

“அனுப்பிருங்கன்னுதானே சொன்னே அம்மிணி?”

 அது நேராக மேனேஜர் அறைக்கு நடந்தது.

ஜூன் 12, புதன்

மேனேஜர் எங்கள் இருவரையும் உட்காரவைத்து விசாரித்தார். கம்ப்ரசர் இல்லாத அறை, எதிரெதிர் நாற்காலி. எல்லாம் தெளிவாக இருந்தது.

“லாட்ட நிறுத்தச் சொன்னேன்னு பூங்கோதை சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க நாச்சிமுத்து?”

“அப்படிக் கேக்கலைங்க சார்.”

“அப்ப அவங்க சொல்லவே இல்லையா?”

இங்கே எனக்கு ஒரு யோசனை வந்தது. இப்போது எழுதும்போதும் அது கெட்டிக்கார யோசனையாகத்தான் தெரிகிறது. “சார், போன வாரம் எதிர்மறைச் சொல்லே பேசக் கூடாதுன்னு உத்தரவு. ‘ஆதீங்க’ன்னு முடியற வார்த்தையே ஆகாது. இந்த அம்மிணி அந்த பேட்ஜக் குத்திட்டுத் திரிஞ்ச புள்ள. அது எப்படிங்க ‘அனுப்பிராதீங்க’ன்னு சொல்லும்?”

மேனேஜர் சிரித்துவிட்டார். கோச்சின் வாயால் எனக்குக் கிடைத்த முதல் லாபம் இது.

“உத்தரவ மீறித்தான் சார் சொன்னேன்” என்றது பூங்கோதை. “பேரிங் சரியில்லைங்கறத வேற எப்படிங்க சொல்றது?”

இருபத்துநாலாம் தேதி அதன் ரிப்போர்ட்டை எழுதவேண்டும், யோசித்து எழுதுகிறேன் என்றார் மேனேஜர். அவர் சொன்ன விதத்தில் யோசித்து முடித்துவிட்டார் என்று புரிந்தது. பிறகு என்னிடம், தர ஆய்வுக்குத் தலைவர் சீட் இந்த மாதக் கடைசியில் காலியாகிறது, பொறுப்பான ஆள் வேண்டும் என்றார். கண்ணாடி கேபின், தனி மின்விசிறி.

வெளியே வந்ததும் பூங்கோதை கேட்டது: “நான் சொன்னது உங்களுக்குக் காதுல விழுந்துச்சுங்களாண்ணா?”

“விழுந்ததைத்தான் சொன்னேன்” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. கேட்கலை என்று சொன்னேன். கேட்கவில்லைதான்.

ஜூன் 13, வியாழன்

வேலை முடிந்து வந்து தூங்கிவிட்டேன். வசந்தாமணி வாசலில் அரைமணி நேரம் பெல் அடித்துக்கொண்டு நின்றாளாம், கடைசியில் பக்கத்து வீட்டு வழியாக வந்து ஜன்னலைத் தடதடவெனத் தட்டி எழுப்பினாள். பெல் கெட்டுவிட்டது என்று புது பெல் வாங்கி மாட்டினேன்.

ஜூன் 14, வெள்ளி

புது பெல்லும் மட்டம்.

ஜூன் 15, சனி

பூங்கோதை எங்கிருந்தோ ஒரு வைப்ரேஷன் மீட்டரை இரவல் வாங்கிவந்திருந்தது. திரும்பி வந்த பதினொன்றில் ஒரு பம்பை ஓட்டவிட்டு, “நீங்களே பாருங்க” என்றது. ஸ்க்ரூ டிரைவரைக் காதோரம் வைத்தேன். பிறகு காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினேன். “நல்லாத்தானே ஓடுது” என்றேன். மீட்டரில் முள் சிவப்பில் போய் நின்றது. சுற்றி நின்ற நான்கு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

இரவல் மீட்டர். எவன் கையில் எத்தனை முறை கீழே விழுந்ததோ.

எலும்பில் அழுத்திய இடம் சிவந்து கன்றியிருக்கிறது. எதில் இடித்தீர்கள் என்று வசந்தாமணி கேட்டாள். பஸ்ஸில் என்றேன்.

ஜூன் 17, திங்கள்

மூன்றாம் வாரப் பழக்கம், ‘வெற்றியை மனக்கண்ணில் பாருங்கள்.’ எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு, ஐந்து வருடம் கழித்து எங்கே இருப்போம் என்று பார்க்கவேண்டும். கோச் பேசிக்கொண்டே வழிநடத்துவாராம்.

மூடினேன். மூடியதும் கோச் பேச்சை நிறுத்திவிட்டார். மின்விசிறியின் உறுமல் மட்டும் இருந்தது. பரவாயில்லை, மனிதன் ஒருவழியாக வாயை மூடினாரே என்று எனக்குச் சந்தோஷம். கண்ணாடி கேபினில் உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. மின்விசிறியைக் கூட்டினேன், குறைத்தேன். வெகுநேரம் அப்படியே இருந்தேன்.

தோளில் ஒரு கை விழுந்தது. கண்ணைத் திறந்தால், தொண்ணூறு பேரும் எழுந்து நின்று, நோட்டு அட்டைக்காரனைப்போலக் கைகளை விரித்துக்கொண்டு என்னையே பார்க்கிறார்கள். நான் ஒருவன் மட்டும் முதல் வரிசையில் உட்கார்ந்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன். கோச் பேச்சை நிறுத்தவே இல்லை. எழுந்து நிற்கச் சொல்லி மைக்கில் மூன்று முறை சொன்னாராம்.

தோளைத் தொட்டது பூங்கோதை. எனக்கு நேர் எதிரே வந்து குனிந்து, உதடுகளை நன்றாக அசைத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னது. “எந்திரிங்க அண்ணா. எந்திரிச்சு நில்லுங்க.”

“அசந்து தூங்கிட்டேன்” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். பூங்கோதை சிரிக்கவில்லை. கைகளை விரித்துக்கொண்டு நானும் நின்றேன்.

ஜூன் 18, செவ்வாய்

பல் தேய்த்தேன். பஸ் பிடித்தேன். தலையாட்டினேன்.

ஜூன் 19, புதன்

சாயங்காலம் வசந்தாமணியிடம், “எம் பின்னால நின்னு ஏதாச்சும் சொல்லு” என்றேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். காலண்டரில் போன மாதத் தாள் கிழிக்காமல் இருந்தது. காத்திருந்தேன்.

“சொல்லு” என்றேன். இன்னும் காத்திருந்தேன். திரும்பிப் பார்த்தால் அவள் கண் கலங்கியிருந்தது.

“நாலு தடவ சொல்லிட்டனுங்க.”

“என்ன சொன்னே?”

“சோறு ஆறுது, வாங்கன்னு.”

எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ரெண்டு வருசம் இருக்கும் என்றாள். “சொன்னா கோவிச்சுக்குவீங்க. அதான் முன்னால வந்து நின்னே பேசப் பழகிட்டனுங்க. குக்கரு நல்லாத்தான் இருக்குது. பெல்லும் நல்லாத்தான் இருந்துச்சு.”

என் மனைவி இரண்டு வருடமாக அடுப்படியிலிருந்து என்னைக் கூப்பிட்டதே இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைக்கிறது. ஒவ்வொரு முறையும் கையைத் துடைத்துக்கொண்டு, நடந்து வந்து, எதிரில் நின்று பேசியிருக்கிறாள். கோச் இல்லை, பேனர் இல்லை, நோட்டு இல்லை. நான் அவளிடம் சொன்னது என்னவென்றால், இப்போதெல்லாம் நீ ஏன் எதற்கெடுத்தாலும் வந்து மூஞ்சிக்கு முன்னால் நிற்கிறாய் என்று.

பயமாக இருக்கிறது. டெஸ்டிங்கில் காது போனவனை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? வாட்ச்மேன் வேலைக்குக்கூடக் காது வேண்டும். காது போய்விட்டது என்று சொன்னால் நானும் போய்விடுவேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண் போய்விடும். பேசாமல் இருந்தால் கண்ணாடி கேபின். இதற்கு ஒரு பழக்கம் சொல்லட்டும் அந்த நவநீதன்.

ஜூன் 21, வெள்ளி

லீவு போட்டு, காது டாக்டரிடம் போனேன். ஒரு பெட்டிக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது காகிதத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்தார்கள். முதலில் சமமாக வருகிறது, பிறகு கிணற்றுக்குள் இறங்குகிறது. கீச்சுச் சத்தம் எதுவுமே எனக்கு இல்லையாம். பேரிங் போவதற்கு முன் போடுவதே அந்தச் சத்தம்தான். அப்படியானால் எவ்வளவு நாளாக நான் எதைக் கேட்டு ‘ஓகே’ முத்திரை குத்தினேன்?

கம்பெனியில் காதடைப்பான் தரவில்லையா என்று டாக்டர் கேட்டார். தந்தார்கள். வருடா வருடம் தந்தார்கள். அதைப் போட்டுக்கொண்டவர்களைப் பார்த்து, கல்யாணப் பெண்ணுக்கு ஜிமிக்கி வந்துவிட்டதா என்று கேலி பண்ணினவன் நான். என் டேபிள் டிராயரில் உறை பிரிக்காமல் எட்டு ஜோடி கிடக்கிறது.

ஜூன் 22, சனி

மேனேஜர் அறைக்குப் போனேன். பூங்கோதையையும் கூப்பிடச் சொன்னேன்.

“சார், அன்னிக்கு நான் கேக்கலைங்கன்னு சொன்னனே.”

“ஆமா, எழுதியாச்சு. அவங்க சொல்லல, நீங்க கேக்கல.”

“அதுதாங்க தப்பு. அவங்க சொன்னாங்க. எனக்குக் காது கேக்கலைங்க.”

மேனேஜர் ஃபைலைப் பார்த்துக்கொண்டே ஏதோ சொன்னார். தலை வழக்கம்போல ஆடப் பார்த்தது. பிடித்து நிறுத்தினேன்.

“என்னங்க சார்?”

ஃபைலைப் புரட்டிக்கொண்டே மறுபடியும் ஏதோ சொன்னார்.

“சார், என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லுங்க. இல்லீன்னா எனக்குத் தெரியாது.”

அவர் நிமிர்ந்தார். டாக்டர் கொடுத்த காகிதத்தை நான் எடுக்கவே இல்லை. அந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

பிறகு எல்லாவற்றையும் முகம் பார்த்துத்தான் பேசினார். பேசியதில் ஒன்றும் இனிப்பாக இல்லை. திங்கள் முதல் நான் டெஸ்டிங்கில் இல்லை, ஸ்டோர்ஸில் நட்டு போல்ட்டுக்குப் பொறுப்பு. தலைவர் சீட் பேச்சு முடிந்தது. நான் பாஸ் போட்டு குடோனில் கிடக்கும் பம்புகள் அத்தனையையும் மீட்டர் வைத்து மறுபடி பார்க்கவேண்டும், அதைப் பூங்கோதை பார்க்கும். விசாரணைத் தாளை அவர் கிழித்துப் போட்டுவிட்டு, பூங்கோதையின் ரிப்போர்ட்டை எங்கள் முன்னாலேயே எழுதினார். வேலை நிரந்தரம்.

வெளியே வராந்தாவில் பூங்கோதை முன்னே நடந்தது. “மன்னிச்சுக்க அம்மிணி” என்றேன். அது திரும்பாமலே ஏதோ சொல்லிக்கொண்டு போனது. என்னவாக இருந்தாலும் தலையாட்டிவிட்டுப் போவதுதான் இத்தனை வருட வழக்கம். இன்று ஓடிப்போய் முன்னால் நின்றேன்.

“இன்னொருக்காச் சொல்லு. கேக்கல.”

அது நின்றது. என் முகத்துக்கு நேராகச் சொன்னது. “பத்து நாளா எனக்குச் சோறு எறங்கலீங்ணா. வேல போயிரும்னு வீட்டுலகூடச் சொல்லல. மன்னிக்கறதுக்கு நாளாகும்னு சொன்னேன்.”

இந்த முறை முழுதாகக் கேட்டது. ஆகட்டும் என்றேன்.

ஜூன் 24, திங்கள்

நோட்டை ஒப்படைத்தாயிற்று. எண்ணிப் பார்த்து ஒரு பக்கம் குறைகிறது என்று திருப்பிக் கொடுத்தார்கள், அதனால் இது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தார்கள். ‘இந்த 21 நாளில் நீங்கள் வளர்த்துக்கொண்ட ஒரு புதிய பழக்கம்.’ இரண்டே சொல் எழுதி நேராகக் கோச்சிடமே நீட்டினேன். யாரும் படிக்கமாட்டார்கள் என்று மேனேஜர் சொல்லியிருந்தும், அவர் அங்கேயே பிரித்துப் படித்தார். தாடிக்குள் ஏதோ கேட்டார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன நினைத்தாரோ, மைக்கை வாயிலிருந்து எடுத்துவிட்டு, நிதானமாக, சத்தமாக மறுபடியும் கேட்டார்.

“புதுசா என்ன பழக்கம் வந்துச்சுன்னு கேட்டேன் சார்.”

“அதைத்தானுங்க எழுதியிருக்கேன்” என்று கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் குனிந்து இன்னொரு முறை படித்தார். ‘இன்னொருக்காச் சொல்லுங்க.’